மொட்டைமாடித் தாங்கியிலிருந்து கிளவுட் வரை: ஸ்மார்ட் கருவியை அடுக்கடுக்காக இணைக்கும் வழி

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மோட்டர் போட மறந்தால் விடியற்காலையில் குழாயில் காற்று வரும். நிறுத்த மறந்தால் படிக்கட்டில் தண்ணீர் இறங்கும். தாங்கியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று போனில் காட்டும் ஒரு சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு, ஸ்மார்ட் கருவி ஒன்றைக் கிளவுடோடு (இணையத்தில் எங்கோ இருக்கும் சேர்வர்களோடு) இணைக்கும் முழு வழியையும் இங்கே பார்ப்போம்.

உணர்கருவி சொல்லும் ஓர் எண், வைஃபை, ரவுட்டர், கடலடிக் கேபிள், மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒரு சேர்வர் என்று எல்லாவற்றையும் தாண்டித் திரும்ப உங்கள் கைக்கே வரவேண்டும். வழியில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: எண் வரவில்லை. அறுந்த இடத்தைச் சுருக்கில் பிடிக்க உதவுவதுதான் அடுக்கு அமைப்பின் பெரிய பயன் என்பது என் கருத்து. கம்பஸில் இதை மூன்று அடுக்கு, ஐந்து அடுக்கு, ஓஎஸ்ஐ ஏழு அடுக்கு என்று பல விதமாகப் படிப்பிப்பார்கள். எத்தனை என்பதில் சண்டை வேண்டாம். கீழிருந்து மேலே போகும்போது ஒவ்வொரு அடுக்கும் ஒரே ஒரு வேலையைச் செய்கிறதா, அதைத் தனியாகச் சோதிக்க முடிகிறதா என்று பாருங்கள். கீழ் அடுக்கு வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்காமல் மேல் அடுக்கைத் தொடக்கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விதியைத்தான் பின்பற்றுகிறது.

தொடங்குமுன் மூன்று கேள்விகள்

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தகவல் வேண்டும்? ஒரு தகவல் எவ்வளவு பெரியது? எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்? தாங்கிக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை போதும். அதாவது ஒரு நாளைக்கு 288 தகவல். ஒவ்வொன்றும் 60 பைட் என்று வைத்தால் நாளொன்றுக்கு வெறும் 17 கிலோபைட் சொச்சம். ஒரு நிமிடம் தாமதித்து வந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. இதே கேள்விகளைக் கண்காணிப்புக் கமராவுக்குக் கேட்டால் வரும் பதில் முற்றிலும் வேறு. அதற்கு இந்த வழி பொருந்தாது.

முதல் அடுக்கு: உணர்கருவி

சாமான்களைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம், அல்லது ஒன்லைனில் எடுக்கலாம். தேவையானவை: ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை) ஒன்று, ஒலி அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும், தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் உணர்கருவி ஒன்று, 5 வோல்ட் அடப்டர், தண்ணீர் புகாத பெட்டி. மலிவான எச்.சி-எஸ்ஆர்04 உணர்கருவி மேசையில் பழக நல்லது. ஆனால் தாங்கிக்குள் ஆவி படிந்து சீக்கிரம் செத்துவிடும். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி மாதிரியை எடுங்கள். அதற்கும் ஒரு குணம் உண்டு: ஏறத்தாழ 20 முதல் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அது சரியாக அளக்காது. தாங்கி நிரம்பும்போது தண்ணீர் அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் அர்த்தமில்லாத எண்கள் வரும். மூடியிலிருந்து கொஞ்சம் உயரத்தில் பொருத்துவதே தீர்வு.

இன்னொரு பொறி, மின்னழுத்தம். உணர்கருவிக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் எதிரொலிக் கம்பியிலும் 5 வோல்ட் வரும். ஈஎஸ்பி32 தாங்குவது 3.3 வோல்ட். இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்து மின்னழுத்தத்தைப் பிரித்துவிடுங்கள். இதைச் செய்யாமலும் சில காலம் ஓடும். அதனால்தான் பலர் செய்வதில்லை.

ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் செக்கனுக்குச் சுமார் 343 மீட்டர். வெயிலில் கிடக்கும் கறுப்புத் தாங்கிக்குள் 38 பாகை இருந்தால் அது 354 ஆகும். ஒரு மீட்டர் தூரத்தில் 3 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். தண்ணீர் அளக்க இது பெரிய விஷயமில்லை. ஆனால் மத்தியானம் தண்ணீர் தானாகவே கூடுவதுபோல் காட்டினால் பயப்படாதீர்கள். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடு எண்ணை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரே ஒரு பிழையான எதிரொலி முழுக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகும்.

சோதனை: யூஎஸ்பி கேபிளில் லப்டொப்போடு இணைத்து, கருவி அனுப்பும் எழுத்துகளைக் காட்டும் சீரியல் திரையில் எண் சரியாக வருகிறதா என்று அரை மணி நேரம் பாருங்கள். இன்னும் வைஃபை பக்கம் போகவேண்டாம்.

இரண்டாம் அடுக்கு: காற்றில் போகும் வழி

தாங்கிக்கும் ரவுட்டருக்கும் இடையில் எத்தனை கொங்கிரீட் தட்டு இருக்கிறது என்பதுதான் இங்கே கேள்வி. ஈஎஸ்பி32 பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பினால் கருவி முதலில் இணைய மறுக்கலாம், 2.4க்குத் தனிப் பெயர் கொடுத்துவிட்டால் தொல்லை குறையும். தொடர்மாடிகளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர் இருப்பதால் அலைவரிசை நெரிசலும் உண்டு. 1, 6, 11 ஆகிய மூன்று சனல்கள் மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. எது காலியாக இருக்கிறது என்று போனில் ஒரு வைஃபை ஆய்வுச் செயலியைப் போட்டுப் பாருங்கள்.

சிக்னல் வலு மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 67 நல்லது. மைனஸ் 80ஐத் தாண்டிக் கீழே போனால் மழை நாளில் அறுந்து அறுந்து வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போனைக் கையில் பிடித்து அளந்தால் போதாது. கருவியை அதன் பெட்டிக்குள் வைத்து, தாங்கிப் பக்கத்திலேயே விட்டு அளக்கவேண்டும்.

வைஃபை எட்டாவிட்டால்? சிக்பீ மாதிரியான ரேடியோ முறைகள் மின்சாரத்தை மிகவும் குறைவாகத் தின்னும். ஆனால் கருவிக்கும் ரவுட்டருக்கும் நடுவே கேட்வே என்ற இடைக்கருவி ஒன்று வேண்டும். லோரா என்ற ரேடியோ முறை கிலோமீட்டர் கணக்கில் போகும்; தோட்டத்துக்கும் வயலுக்கும் சிறந்தது, ஒரு கட்டடத்துக்குள் அது மிகை. சிம் போட்டால் ரீலோட் செலவு மாதாமாதம் தொடரும். வெளிநாட்டிலிருந்து ரேடியோ கருவி வரவழைப்பவர்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளை முதலில் பாருங்கள், இல்லையென்றால் சாமான் சுங்கத்தில் நிற்கும்.

மூன்றாம் அடுக்கு: ஐபி, அப்புறம் அந்த ஒருவழிக் கதவு

வைஃபை கிடைத்ததும் ரவுட்டர் கருவிக்கு ஓர் ஐபி முகவரி கொடுக்கும். 192.168 என்று தொடங்கும் அந்த முகவரி உங்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லும். வெளியிலிருந்து யாரும் நேரே அதற்குப் பேச முடியாது. ரவுட்டரில் இருக்கும் நாட் என்ற ஏற்பாடு, உள்ளே இருந்து தொடங்கும் பேச்சுக்குப் பதில் வர மட்டும் வழிவிடும். சிம் இணைப்பில் பெரும்பாலும் தொலைபேசிக் கம்பெனிப் பக்கத்திலும் இன்னொரு நாட் இருக்கும்.

புதியவர்கள் பலர் ரவுட்டரில் போர்ட் (எண் இட்ட இணைப்பு வாசல்) திறந்துவிட்டு, வெளியிலிருந்து கருவியை அழைக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். பாதுகாப்புக்கும் கேடு, பல இணைப்புகளில் வேலையும் செய்யாது. கருவிதான் வெளியே அழைக்கவேண்டும். அழைத்த இணைப்பைத் திறந்தே வைத்துக்கொண்டால் கட்டளை அந்த வழியாகவே திரும்ப வரும். அடுத்த அடுக்கில் எந்த நெறிமுறையை, அதாவது பேசும் முறையை, தெரிவுசெய்வது என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான்.

சோதனை: கருவியிலிருந்து ஓர் இணையப் பெயரைத் தேடி ஐபி எண்ணாக மாற்றச் சொல்லுங்கள். பெயர் மாறாவிட்டால், அந்த மாற்றத்தைச் செய்யும் டிஎன்எஸ் சேவையில் பிரச்சினை. மாறியும் இணையாவிட்டால், பெரும்பாலும் போர்ட் அடைபட்டிருக்கும். அலுவலக வலையமைப்புகளில் இது சாதாரணம்.

நான்காம் அடுக்கு: நெறிமுறை

மூன்று பெயர்கள் அடிக்கடி வரும். இணையப் பக்கங்களைத் திறக்கும் எச்டிடிபி எல்லோருக்கும் தெரிந்தது, சோதிக்கச் சுலபம். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாதுகாப்பான இணைப்பைத் திறந்தால், 60 பைட் தகவலுக்குச் சில ஆயிரம் பைட் வாசல் மரியாதை போகும். கோஆப் 2014இல் ஆர்எஃப்சி 7252 என்ற இணையத் தரநிலையாக வந்தது. இணைப்பைத் திறந்து வைக்காமல் தகவலை அனுப்பும் யுடிபி மேல் ஓடும், மிகச் சிக்கனம். பற்றரியில் ஓடி, எப்போதாவது ஒருமுறை விழித்துப் பேசும் கருவிகளுக்கு அழகானது. ஆனால் நாட் என்ற அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கருவிக்குக் கட்டளை அனுப்ப யுடிபி வழி தொல்லை.

மூன்றாவது எம்க்யூடிடி. 1999இல் ஐபிஎம்மைச் சேர்ந்த அண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்க்கம் கம்பெனியின் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக உருவாக்கியது. விலை கூடிய, அடிக்கடி அறுந்துபோகும் இணைப்புக்கென்றே பிறந்ததால் நம் வேலைக்குப் பொருந்தும். நடுவில் புரோக்கர் என்ற ஒரு சேர்வர். தபால் கந்தோர்ப் பெட்டி மாதிரி, அனுப்புபவருக்குப் பெறுபவர் யாரென்று தெரியவேண்டியதில்லை. தலைப்பு ஒன்றில் போடுவார், அந்தத் தலைப்பைக் கேட்டு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் போகும். தாங்கிக்கு இதைத்தான் நான் சொல்வேன்.

முதல் புரோக்கரைக் கிளவுடில் தேடாதீர்கள். மொஸ்கிட்டோ என்ற இலவச மென்பொருளை உங்கள் லப்டொப்பிலேயே போடுங்கள். 2.0 பதிப்பிலிருந்து அது, அமைப்புக் கோப்பு கொடுக்காவிட்டால், அதே கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும்தான் ஏற்கும். அதனால் கருவி இணையவில்லை என்று தலையைப் பிய்க்குமுன் அமைப்புக் கோப்பில் போர்ட் 1883ஐத் திறந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தீர்களா என்று பாருங்கள்.

தலைப்பைப் பெரிதிலிருந்து சிறிதாக எழுதுங்கள்: இடம், கட்டடம், தாங்கி எண், மட்டம் என்று சாய்கோடு போட்டு. தமிழிலும் தலைப்பு வைக்கலாம், எல்லா மொழி எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 முறையை எம்க்யூடிடி ஏற்கும். ஆனால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், புள்ளி வைத்த எழுத்து 6. தலைப்பு ஒவ்வொரு தகவலோடும் போவதால் ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே வைத்துவிட்டுத் தமிழைத் திரையில் காட்டுவது புத்தி.

சேவைத் தரம் என்ற அமைப்பில் 0, 1, 2 என்று மூன்று நிலை உண்டு. 0 அனுப்பிவிட்டு மறந்துவிடும். 1 குறைந்தது ஒருமுறை சேரும்வரை விடாது; அதனால் இரண்டு முறையும் வரலாம். 2 சரியாக ஒருமுறைதான், ஆனால் பேச்சு நீளம். அமேசானின் ஐஓடி கோர் என்ற கிளவுட் சேவை நிலை 2ஐ ஏற்பதே இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு 0 போதும், கட்டளைக்கு 1 வையுங்கள். 1இல் தகவல் இரட்டிக்கலாம் என்பதால் "மோட்டரை மாற்று" என்று கட்டளை எழுதவே கூடாது. இரண்டு முறை வந்தால் போட்டது நின்றுவிடும். "மோட்டர் ஓடட்டும்", "மோட்டர் நிற்கட்டும்" என்று நிலையைச் சொல்லுங்கள். பத்து முறை வந்தாலும் விளைவு ஒன்றுதான்.

தக்கவைத்த தகவல் என்று ஒரு வசதி இருக்கிறது. கடைசியாக வந்த மட்டத்தைப் புரோக்கர் வைத்திருந்து, புதிதாகத் திறக்கும் போனுக்கு உடனே கொடுக்கும். மட்டத்துக்கு அருமை. ஆனால் அதில் நேரமும் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் நேற்றைய தண்ணீரை இன்றைய தண்ணீர் என்று நம்புவீர்கள். கட்டளைக்கு மட்டும் இந்த வசதியைப் பாவிக்கவே வேண்டாம். கரண்ட் போய் வந்து கருவி மறுபடி இணைந்ததும், எப்போதோ சொன்ன "ஓடட்டும்" வந்து சேர்ந்து ஆளில்லாத வீட்டில் மோட்டர் ஓடத் தொடங்கும்.

இறுதி விருப்பம் என்பது இன்னொன்று. இணைக்கும்போதே "நான் சொல்லாமல் காணாமல் போனால் இதை அறிவி" என்று கருவி கொடுத்துவைக்கும். உயிர்ப்புச் சோதனை இடைவெளி 60 செக்கன் என்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 90 செக்கன் சத்தமில்லாவிட்டால் புரோக்கர் அதை அறிவித்துவிடும்.

கருவி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளப் பெயர் வேண்டும். முதல் கருவியின் நிரலை அப்படியே இரண்டாவதில் ஏற்றினால் இரண்டுக்கும் ஒரே பெயர். புரோக்கர் ஒன்றைச் சேர்க்கும்போது மற்றதைத் துரத்தும், துரத்தப்பட்டது மறுபடி வரும், இதுவே முடிவில்லாமல் நடக்கும். பார்ப்பவருக்கு வைஃபை பழுது மாதிரித் தெரியும்.

ஐந்தாம் அடுக்கு: பூட்டு

லப்டொப்பில் எல்லாம் ஓடியபிறகுதான் டிஎல்எஸ், அதாவது தகவலை மறைத்து அனுப்பும் பூட்டு. போர்ட் 1883 போய் 8883 வரும். சேர்வர் உண்மையானதா என்று பார்க்க உதவும் மூலச் சான்றிதழைக் கருவியில் ஏற்றவேண்டும். "சான்றிதழைச் சரிபார்க்காதே" என்ற குறுக்குவழி பல மாதிரி நிரல்களில் கிடக்கிறது. அதைப் போட்டால் தகவல் மறைக்கப்படும், ஆனால் யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரியாது. பூட்டுப் போட்டதாகவே கணக்கில்லை.

ஈஎஸ்பி32க்குத் தானாக நேரம் தெரியாது. மின்சாரம் வந்ததும் அதன் கடிகாரம் 1970இல் தொடங்கும். சான்றிதழின் திகதியைச் சரிபார்க்கும் அமைப்பில், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று நினைத்து இணைய மறுக்கும். எனவே வைஃபை கிடைத்தவுடன் முதல் வேலை என்டிபி சேர்வரிடம் நேரம் கேட்பது, பிறகுதான் புரோக்கர். நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே அனுப்பி, இலங்கையின் ஐந்தரை மணி வித்தியாசத்தைத் திரையில் கூட்டுங்கள்.

ஆறாம் அடுக்கு: கிளவுட்

இரண்டு பாதை இருக்கிறது. ஒரு சின்ன சேர்வரை வாடகைக்கு எடுத்து மொஸ்கிட்டோவை நீங்களே ஓட்டலாம். ஒரு கட்டடத்துக்கு அது தாராளம். அல்லது அமேசான், மைக்ரோசொஃப்ட் போன்றவர்களின் ஆயத்தச் சேவையை எடுக்கலாம். அமேசானுக்கு மும்பையிலும் சிங்கப்பூரிலும் சேர்வர் வட்டாரங்கள் உண்டு; தாங்கிக்கு இரண்டில் எது என்றாலும் சரி. ஆயத்தச் சேவையில் கருவி ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ் கொடுப்பார்கள். அதற்கான அனுமதியில் "எல்லாவற்றையும் செய்யலாம்" என்று எழுதாமல், தன் தாங்கியின் தலைப்பில் மட்டும் எழுதலாம் என்று குறுக்குங்கள். ஒரு கருவி களவு போனால் அந்தச் சான்றிதழை மட்டும் ரத்துச் செய்தால் போதும்.

கூகுள் தன் ஐஓடி கோர் சேவையை 2023 ஓகஸ்ட் 16இல் மூடியது. அதை நம்பிக் கருவி விற்றவர்கள் எல்லோரும் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. சேர்வரின் பெயரை நிரலுக்குள் ஆழமாகப் புதைக்காமல், மாற்றக்கூடிய அமைப்பாக வைப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். சொந்த டொமைன் பெயர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

வந்த தகவலைச் சேமிக்க இன்ஃப்ளக்ஸ்டிபி, படம் காட்ட கிராஃபானா, விதிகள் எழுத நோட்-ரெட். மூன்றுமே இலவசமாகத் தொடங்கலாம். எச்சரிக்கை விதியில் இரண்டு எல்லை வையுங்கள்: 20 வீதத்துக்குக் கீழே போனால் செய்தி, 30 தாண்டினால்தான் அந்த எச்சரிக்கை அடங்கும். ஒரே எல்லை வைத்தால் தண்ணீர் ததும்பும்போதெல்லாம் போன் அலறும். தண்ணீர் குறையும் வேகத்தைப் பார்த்தே வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று ஒருவர் ஊகிக்கலாம். அந்தப் படத்தைக் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் திறந்துவிடுமுன் யோசியுங்கள்.

கரண்ட் போகும், வரும்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுதும் இருண்டது நினைவிருக்கும். கரண்ட் திரும்பியதும் ஈஎஸ்பி32 சில செக்கனில் எழும்பிவிடும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழும்பச் சில நிமிடம் ஆகலாம். அதுவரை கருவி இடைவிடாமல் முட்டிக்கொண்டிருக்கக்கூடாது. முதல் தோல்விக்கு 2 செக்கன், பிறகு 4, 8 என்று காத்திருக்கும் நேரத்தை இரட்டித்து, அது 5 நிமிடத்தைத் தாண்டாமல் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சிறு தற்செயல் நேரத்தையும் கூட்டுங்கள். பத்துக் கட்டடத்துக் கருவிகள் ஒரே செக்கனில் புரோக்கர்மேல் விழாமல் இருக்க அதுதான் வழி. இணைப்பு இல்லாத நேரத்து அளவுகளை நினைவகத்தில் ஒரு வட்ட வரிசையில் (நிரம்பினால் பழையதன்மேல் புதியது எழுதப்படும்) சேர்த்து, இணைந்ததும் நேரத்தோடு அனுப்பலாம். கரண்ட் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் அடிக்கடி எழுதவேண்டாம், அது எழுத எழுதத் தேயும்.

மோட்டரைக் கட்டுப்படுத்த ஆசை வரும். மிதவைச் சுவிட்ச் ஒன்றை நேரே மோட்டர் மின்சுற்றிலேயே போட்டு, தாங்கி நிரம்பினால் கிளவுடும் நிரலும் இல்லாமலே நிற்கும்படி செய்யுங்கள். கிளவுட் கட்டளை அதற்கு மேலே ஒரு வசதி மட்டும். 230 வோல்ட் வேலையை மின்சார வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எண் வராத நாளில்

கீழிருந்து தொடங்குங்கள். கருவியின் சீரியல் திரையில் தூரம் வருகிறதா? வைஃபை சிக்னல் எவ்வளவு? ஐபி கிடைத்ததா, இணையப் பெயர் ஐபி எண்ணாக மாறுகிறதா? கடிகாரம் இன்றைய திகதியைக் காட்டுகிறதா? லப்டொப்பிலிருந்து அதே தலைப்பைக் கேட்டால் புரோக்கரில் தகவல் தெரிகிறதா? தெரிந்தால் கருவியை விட்டுவிடுங்கள், பிழை சேமிப்பிலோ திரையிலோ இருக்கிறது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதித் தாங்கிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்தால், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வேறொருவரும் பார்த்துக்கொள்வார்.